வருகை சமீபம், அதற்குள் வீடு யாருக்கு?



சென்ற மாதம் நம் சங்கச் செயற்குழுவிலிருந்து அண்ணாச்சி ஒருவர் விலகிக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகள் நம்மோடு நின்றவர். குடிதண்ணீர்க் குழாய்க்காக நகராட்சி வார்டு அலுவலக வாசலில் நாம் உட்கார்ந்த நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர். ரேஷன் கடையில் அளவு குறைந்தபோது தராசையே தூக்கிவந்து நடுத்தெருவில் வைத்து நியாயம் கேட்டவர். அப்படிப்பட்டவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் யார்மீதும் கோபமில்லை, குறையுமில்லை. கர்த்தருடைய வருகை சமீபித்துவிட்டது, இனி உலக காரியங்களில் தலையிடுவது தமக்கு ஆத்தும நஷ்டம், சங்கத்தாருக்காக ஜெபித்துக்கொள்கிறேன் என்று நாலு வரி. அவ்வளவுதான்.

இது அவர் ஒருவருடைய சங்கதி என்றால் வீட்டுக்குப் போய், ஒரு தேநீர் குடித்துப் பேசித் தீர்த்திருப்போம். ஏட்டில் எழுத வேண்டியதில்லை. ஆனால் தாராவியின் தமிழ்ச் சந்துகளில் நாம் கதவு தட்டும்போதெல்லாம் இப்போது இதே பதில் வருகிறது. வீட்டுக் கணக்கெடுப்புக்குக் காகிதங்களை எடுத்து வையுங்கள் அக்கா என்றால், எல்லாம் அழியப்போகிற உலகம்தானே தம்பி என்கிறார்கள். கூட்டத்துக்கு வாருங்கள் என்றால் அன்றைக்கு உபவாச ஜெபம் என்கிறார்கள். மேலே நித்திய வீடு ஆயத்தமாயிருக்க, கீழே பத்துக்குப் பத்து அறைக்கு எதற்குப் போராட்டம் என்று ஒரு போதகர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். பொதுவில் கேட்ட கேள்விக்குப் பொதுவிலேயே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நம் பக்கத்து நண்பர்கள் சிலருக்கு ஒரு சொல். இந்தப் பேச்சு எழுந்ததும், "பார்த்தீர்களா, கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் ஒன்றுதான். அங்கே போகாதே என்று அடித்துச் சொல்லுங்கள்" என்று துள்ளியவர்கள் நம் குழுவிலேயே உண்டு. அந்த வழியில் நாம் போகவில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதை இந்த ஏட்டின் நாலு பக்கத்தில் தீர்த்துவிடலாம் என்று நாம் நம்பவுமில்லை. சங்கத்தில் முருக பக்தர் உண்டு, ஐந்து வேளை தொழுகிறவர் உண்டு, சுவரில் பெரியார் படத்தை மட்டும் மாட்டியிருப்பவரும் உண்டு. சந்தா எல்லோருக்கும் ஒன்றுதான்.

திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் ரயிலேறி வந்த நம் சனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்ன செய்தது என்பது மேடையில் மட்டும் பேசுகிறவர்களுக்குத் தெரியாது. ஆறு நாள் "ஏ மதராசி" என்று கூப்பிடப்பட்டவள் ஏழாம் நாள் "சகோதரி" என்று கூப்பிடப்படுகிறாள். கால் நீட்ட இடமில்லாத வீட்டிலிருந்து வருகிறவளுக்கு மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரம் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தமிழ் எழுத்தைக் கற்றது ஓய்வுநாள் பள்ளியில்தான்; வேதப் புத்தகத்தின்மேல் விரலை ஓட்டி ஓட்டிக் கற்றார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்குச் சொல்வதிலிருந்து ஊருக்குத் தகவல் அனுப்புவதுவரை சபையார் கூட நிற்கிறார்கள். அந்த நேரத்தில் நம் சங்கத்தார் எத்தனை பேர் நின்றோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். 1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியரை விரட்டு என்ற கூச்சல் இந்த நகரில் எழுந்த நாட்களில், பயந்து ஒடுங்கிய குடும்பங்கள் கூடி மூச்சுவிட்ட இடங்களில் சபைக் கூடங்களும் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே சபைக்குப் போகாதே என்று நாம் சொல்ல மாட்டோம். சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆவோம்.

நம் வழக்கு ஆராதனையோடும் இல்லை, விசுவாசத்தோடும் இல்லை. நாள் குறிக்கிறவர்களோடு வழக்கு. செய்தித்தாளை ஒரு கையிலும் வெளிப்படுத்தின விசேஷத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, "இதோ வந்துவிட்டது" என்று சொல்லிச் சொல்லியே ஏழையைத் தன் காரியத்தைப் பாராமல் செய்கிறவர்களோடு வழக்கு.

நடந்ததைச் சொல்கிறோம். 90 அடிச் சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் இட்லி அவித்து விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். ஏழு மணிக்கெல்லாம் அவருடைய இட்லி மாட்டுங்காவரை போய்விடும். கணவர் தோல் பதனிடும் சாலையில் வேலை பார்த்து இறந்துபோனவர். மாமனார் பெயரில் 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பின் போட்டோ பாஸ் இருக்கிறது. இந்தத் தாராவியில் அதைவிடப் பெரிய சொத்து ஏழைக்கு ஏது? தகரப் பெட்டிக்குள், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் அது கிடந்தது.

2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது நமக்கெல்லாம் தெரியும். அரசு அறிவித்துள்ள திட்டத்தின்படி 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்டும் தரைத்தள வீட்டாருக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011க்குள் வந்தவர் என்றால் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டித் தாராவிக்கு வெளியே போகவேண்டும். மேல்மாடியில் இருப்பவருக்கும், 2011க்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவருக்கும் வெளியே வாடகை வீடு. ஆக, ஒரு குடும்பம் பிறந்த இடத்தில் வாழ்வதா, உப்பளத்துப் பக்கம் போவதா என்பதை ஒரு மின்கட்டண ரசீதும் ஒரு வாக்காளர் பட்டியல் நகலும் தீர்மானிக்கின்றன. இது நியாயமா என்று நாம் தொடர்ந்து கேட்டுவருகிறோம். இன்னொரு இதழில் அதை விரித்து எழுதுவோம். இப்போது பேச்சு அதைப் பற்றியதன்று.

அந்த அம்மா வீட்டுக்கு எண் எழுதிவிட்டுப் போனார்கள். காகிதம் பார்க்க வந்த நாளில் கதவு பூட்டியிருந்தது. அம்மா தூரத்துப் புறநகர் ஒன்றில் மூன்று நாள் உபவாச ஜெபத்தில் இருந்தார். இதுதான் கடைசி எக்காளத்துக்கு முந்திய எழுப்புதல், இதைத் தவறவிட்டவர்கள் கைவிடப்படுவார்கள் என்று சொல்லி அழைத்திருந்தார்கள். கையிலிருந்த ஒரே மோதிரத்தைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு அவர் திரும்பி வந்தபோது, வீடு "பூட்டியிருந்தது" என்று பதிவாகிவிட்டது. அதோடு முடியவில்லை. ஆதார் என்பது மிருகத்தின் முத்திரை என்று சில ஆண்டுகளுக்கு முன் அதே கூட்டத்தார் சொன்னதை நம்பி அவர் ஆதார் எடுக்கவே இல்லை. அதனால் ரேஷன் அட்டையிலும் பெயர் போயிருந்தது. போட்டோ பாஸ் இருந்தும், தாம்தான் அந்த வீட்டு மருமகள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நம் தோழர்கள் மூன்று முறை அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். காரியம் இன்னும் முடியவில்லை.

அவரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போனவர்கள் அதன்பின் ஒரு முறையாவது வந்து விசாரித்தார்களா என்று கேட்டோம். "ஜெபிக்கிறோம் என்று போனில் சொன்னாங்க தம்பி" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. நமக்குத்தான் வந்தது.

இந்த 666 சங்கதியைச் சிறிது பார்ப்போம். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் வலது கையிலோ நெற்றியிலோ முத்திரையில்லாதவன் வாங்கவும் விற்கவும் கூடாதபடி மிருகம் செய்யும் என்று வருகிறது. 1980களில் கடைச் சாமான்களின்மேல் வரும் கோட்டுக் குறியீடுதான் அந்த முத்திரை என்று ஊர் ஊராகப் பேசினார்கள். இன்று அந்தக் கோடில்லாத பிஸ்கட் பொட்டலம் உண்டா? பேசியவர்கள் வீட்டிலும் அதே பிஸ்கட்தான். பிறகு ஆதார். முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் நம் மகாராஷ்டிரத்திலேயே, நந்துர்பார் மாவட்டத்து டெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் கொடுக்கப்பட்டது. 2021இல் கொரோனா தடுப்பூசியே முத்திரை என்றார்கள். ஊசி போட்டும் ஆயிற்று, மிருகம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய முத்திரையைப் பற்றி மூச்சுவிடாமல் புதிய முத்திரைக்குத் தாவுகிறார்கள். போன முறை சொன்னது தவறு என்று எந்த மேடையிலாவது ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

ஆதாரைப் பற்றி நமக்கும் குறைகள் உண்டு. சுண்ணாம்பிலும் தோலிலும் ரேகை தேய்ந்துபோன தொழிலாளியின் விரலை இயந்திரம் ஏற்க மறுத்து அரிசி கிடைக்காமல் போனதை நாம் இதே ஏட்டில் எழுதியிருக்கிறோம். அது கையால் தொட்டுக் காட்டக்கூடிய குறை. மனுப் போட்டு, வழக்குப் போட்டுச் சண்டை பிடிக்கக்கூடிய குறை. மிருகம் என்று சொல்லிவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை. பயந்து ஒளிவதுதான் மிச்சம். அதிகாரத்தில் உள்ளவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன?

வேதத்தைக் கற்றவர்களில் பலர், 666 என்பது நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் வரும் தொகை என்று விளக்குகிறார்கள். ரோமாபுரியின் கொடுமைக்குக் கீழே கிடந்த ஆசியா நாட்டின் ஏழு சபைகளுக்கு, தைரியமாயிருங்கள் என்று எழுதிய புத்தகம் அது. கொடுங்கோல் அரசை எதிர்த்து நிற்கும்படி ஏழைக்கு எழுதியதை எடுத்து, ஏழையைப் பயமுறுத்தி வீட்டுக்குள் உட்காரவைக்கப் பயன்படுத்துகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

இனி நாள் குறித்த கதை. வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, சர்ச் மிஷன் சங்கத்தின் குருவானவராகத் திருவிதாங்கூரில் ஊழியம் செய்தவர் யுஸ்துஸ் யோசேப்பு. பெரிய வித்துவான். அவர் மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். கருநாகப்பள்ளியை அடுத்த கன்னேற்றியைச் சுற்றி அவரால் ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. இன்னும் ஆறு ஆண்டில், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். சனம் நம்பியது. 1881 வந்தது, போனது. யுயோமய சபை என்று ஒரு சிறு கூட்டம் மட்டும் தனியே நின்றது.

அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். நம் அண்ணாச்சியைப் போலவே உண்மையாய் நம்பியவர். அதனால்தான் அவரை முதலில் சொன்னோம். நேர்மையானவன் சொன்னாலும் தவறான நாள் தவறான நாள்தான்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்தைக் கூட்டிக் கழித்ததைத் தொடர்ந்து 1844 அக்டோபர் 22 என்று நாள் குறிக்கப்பட்டது. விளைந்த வயலை அறுக்காமல் விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் என்போர் 1914 என்றார்கள், பிறகு 1975ஐ எதிர்பார்த்தார்கள். வீட்டை விற்றுவிட்டு ஊழியத்துக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. 1980இல் அவர்களுடைய காவற்கோபுரம் ஏடே அந்த எதிர்பார்ப்பை வளர்த்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். 2012இல் தாம் நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்காவது அவருக்கு மனம் வந்ததே!

கொரியாவில் நடந்ததைத்தான் நம் தாய்மார்கள் நன்றாகக் கேட்கவேண்டும். லீ ஜாங் ரிம் என்ற போதகர் 1992 அக்டோபர் 28ஆம் தேதி விசுவாசிகள் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று சொல்லிக் கூட்டத்தைச் சேர்த்தார். வேலையை விட்டவர்கள், படிப்பை விட்டவர்கள், சொத்தை விற்றுக் கொடுத்தவர்கள் ஏராளம். அந்த நாளுக்கு முன்பே மோசடிக் குற்றத்துக்காகப் போலீசார் அவரைப் பிடித்தார்கள். விசாரித்தால், விசுவாசிகள் கொடுத்த பணத்தில் அவர் கடன் பத்திரங்கள் வாங்கி வைத்திருந்தார். அவை முதிர்வடையும் மாதம் 1993 மே! உலகம் அக்டோபரில் முடிகிறது. பத்திரம் அடுத்த மே மாதம் முதிர்கிறது. ரயில்வேயில் பத்தொன்பது வருடம் வருங்கால வைப்பு நிதிப் படிவங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன நமக்கு அந்தத் தேதி ஒன்றே போதும். ஐந்நூறு பக்க ஆராய்ச்சி வேண்டாம்.

ஆகவே நம் தாய்மார்கள் தைரியமாகக் கேட்கலாம்: ஐயா, நாள் சமீபம் என்கிறீர்களே, சபைக்கு வாங்கிய மனையின் பத்திரம் எத்தனை வருடத் தவணையில் இருக்கிறது? ஜெனரேட்டருக்கு எத்தனை வருட உத்தரவாதம் வாங்கினீர்கள்? பிள்ளையைப் பெங்களூரில் எத்தனை வருடப் படிப்பில் சேர்த்திருக்கிறீர்கள்?

சரி, இதெல்லாம் உலக ஞானம். வேதம் என்ன சொல்கிறது என்று அண்ணாச்சி கேட்பார். வேதத்துக்கே வருவோம். நாம் மெட்ரிக் படித்தவர்கள். இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்.

உபாகமம் 18ஆம் அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள். ஒருவன் கர்த்தர் சொன்னார் என்று சொல்லி, அது நடக்காமற்போனால் அது கர்த்தர் சொன்னதல்ல, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று இருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு சட்டப் புத்தகமும் எழுதாது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வானத்துத் தூதரும் அறியார் என்று மத்தேயு 24இல் இயேசுவே சொல்லிவிட்டார். தெசலோனிக்கேயா பட்டணத்தில் நாள் வந்துவிட்டது என்று சொல்லிக் கொஞ்சம் பேர் கலங்கிக் கிடந்தார்கள். கொஞ்சம் பேர் வேலைக்குப் போகாமல் வீண் அலுவலில் திரிந்தார்கள். அவர்களுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில், கலங்காதிருங்கள் என்று ஒரு பக்கமும், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று மறு பக்கமும் வருகிறது. சங்கத்துக்காரன் எழுதியதன்று, அப்போஸ்தலன் எழுதியது.

புலம்பெயர்ந்து வந்த நமக்கென்றே எழுதியதுபோல் ஒரு பகுதி இருக்கிறது. எரேமியா 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்கள். யூதா நாட்டுச் சனம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கிறது. அன்னிய ஊர், அன்னிய பாஷை. அப்போது அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்பாகவும் நின்று, இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று நாள் குறித்தான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். கைதட்டு யாருக்குக் கிடைத்திருக்கும்? ஆனால் வேதம் அவனைப் பொய்யன் என்கிறது. எரேமியாவோ பாபிலோனில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் வந்து சேர்ந்த பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை ஏமாற்றவிடாதீர்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். எழுபது வருடக் கணக்கு அவருடையது. இரண்டு வருடம் என்று சொன்னவன் பேச்சைக் கேட்டிருந்தால் பாபிலோனில் ஒருவனும் கூரை வேய்ந்திருக்க மாட்டான்.

நம்மைப் பரதேசிகள் என்று போதகர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதில்லை ஐயா, தாதர் ரயில் நிலையத்தில் இறங்கிய அன்றே தெரிந்துகொண்டோம். பரதேசிக்கு எரேமியா சொன்னது, வீடு கட்டு என்பது. அதை எந்த எழுப்புதல் கூட்டத்திலாவது வாசித்தீர்களா?

யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் எடுங்கள். கர்த்தரின் வருகை சமீபமாயிருக்கிறது, நீடிய பொறுமையாயிருங்கள் என்பது எட்டாம் வசனத்தின் பொருள். அண்ணாச்சியின் கடிதத்திலும் அந்த வசன எண் இருந்தது. நாலாம் வசனம் எங்கே போயிற்று? வயல் அறுத்த வேலைக்காரனின் கூலியை அநியாயமாய்ப் பிடித்துவைத்தீர்கள், அந்தக் கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்று ஐசுவரியவான்களைப் பார்த்து யாக்கோபு கர்ஜிக்கிற இடம் அது. நாலுக்கும் எட்டுக்கும் நடுவே இருப்பது மூன்று வசனம். கூலியைப் பற்றிய வசனத்தைத் தாண்டிக் குதித்து வருகையைப் பற்றிய வசனத்தில் வந்து இறங்குவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்!

லூக்கா 18இல் ஒரு விதவை, நியாயம் செய்யாத நீதிபதியிடம் போய்ப் போய்த் தொல்லைப்படுத்தித் தன் நியாயத்தை வாங்குகிறாள். மனுஷகுமாரன் வரும்போது விசுவாசத்தைக் காண்பாரோ என்ற கேள்வி அந்தக் கதையின் முடிவில்தான் வருகிறது. விசுவாசத்துக்கு அடையாளமாக இயேசு காட்டியது அலுவலகத்துக்கு மறுபடி மறுபடி அலைந்த ஒரு பெண்ணை. நம் இட்லிக்கார அம்மா மூன்று முறை போயிருக்கிறார். ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைப் பொய்ச்சாட்சி வைத்துப் பறித்தபோது எலியா எங்கே போய் நின்றார்? அந்தத் தோட்டத்துக்கே போனார். தீர்க்கதரிசனம் என்பது அதுதான். பவுலும் சாட்டையடிக்குக் கட்டிவைத்தபோது, நான் ரோமக் குடிமகன் என்று உரிமையைச் சொல்லித் தப்பினார். பின்னால் இராயனிடமே அப்பீல் செய்தார். குடியுரிமையைக் காட்டுவது உலக காரியம், நமக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வடக்கன்குளம் தெரியும். ஒரே கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவைத்திருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வருகையின்போது ஆண்டவரே இடித்துக்கொள்வார் என்று எல்லோரும் காத்திருந்தால் அந்தச் சுவர் இன்றும் நிற்கும்.

எதிர்த்தரப்பு நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். சங்கத்தார் மட்டும் நாள் குறித்ததில்லையா? குறித்தோம். 1982 ஜனவரி 18ஆம் தேதி இந்த நகரத்தின் பஞ்சாலைத் தொழிலாளிகள் சுமார் இரண்டரை லட்சம் பேர் தத்தா சாமந்தின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று சொல்லப்பட்டது. அந்த வேலைநிறுத்தம் முடிந்ததாக முறைப்படி ஒரு அறிவிப்புகூட வந்ததில்லை. ஆலைகள் போயின, மனைகளில் மாளிகைகள் எழுந்தன. புரட்சி அடுத்த தேர்தலுக்குள் என்று பேசியவர்களை நாமும் மாலைபோட்டு வரவேற்றிருக்கிறோம். அதன் பிறகு எத்தனை பேர் சங்கத்தை விட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனார்கள்! மனம் உடைந்தவனை அங்கே ஒருவர் தோளில் கைபோட்டு உட்காரவைத்தார். இங்கே நாம் சந்தா பாக்கியைக் கேட்டோம். இதை ஒப்புக்கொள்ளாமல் போதகர்களை மட்டும் குறை சொல்வது யோக்கியமாகாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் குறித்த நாள் தவறியபோது பொதுக்குழுவில் எழுந்து எங்களைத் திட்டினீர்கள், செயலாளரை மாற்றினீர்கள், கணக்கைக் கேட்டீர்கள். சபையில் அதைச் செய்ய ஏன் முடியவில்லை? தசமபாகம் கொடுக்கிறவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை இல்லையா? போன வருடம் சொன்ன தீர்க்கதரிசனம் என்னவாயிற்று என்று ஒரு மூப்பர் எழுந்து கேட்டால் அது விசுவாசக் குறைவா? உபாகமம் 18 அப்படிக் கேட்கத்தானே எழுதப்பட்டிருக்கிறது?

எல்லாப் போதகர்களையும் ஒரே தட்டில் வைத்து நாம் நிறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் காகிதம் பார்க்கத் தம் கூடத்தைத் திறந்துவிட்டவர் இருக்கிறார். மின்கட்டண ரசீது இல்லாத பதினான்கு குடும்பங்களுக்குத் தாமே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அவர். பிரசங்கத்தில் வருகையைப் பற்றியும் பேசுகிறார். மறுநாள் காலை வரிசையிலும் வந்து நிற்கிறார். அவருடைய விசுவாசத்துக்கு அதனால் என்ன குறைந்துபோயிற்று? மற்றவர்களிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான். உங்கள் பிரசங்கத்தை மாற்றச் சொல்லவில்லை. ஆராதனை முடிந்தபின் அரை மணி நேரமும், ஒரு மேசையும், இரண்டு நாற்காலியும் கொடுங்கள். கணக்கெடுப்பு நாளில் உபவாசக் கூட்டத்தை வைக்காதீர்கள். ஆதார் எடுக்காதே, ஊசி போடாதே என்று சொல்வதானால், அதனால் ரேஷன் போகிற வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ அரிசி சபை கொடுக்கும் என்பதையும் அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

அண்ணாச்சிக்கு: உங்கள் ராஜினாமாவைக் குழு இன்னும் ஏற்கவில்லை. நாற்காலி அப்படியே இருக்கிறது. ஞாயிறு காலை நீங்கள் வரவேண்டாம், ஆராதனைக்குப் போங்கள். நம் கூட்டம் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, சங்க அறையில். போட்டோ பாஸ், 2000க்கு முந்திய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், வாங்கிய வீடானால் விற்பனை ஒப்பந்தம், ஆதார் இவற்றின் அசலும் இரண்டு நகலும் எல்லோரும் கொண்டுவர வேண்டும். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், நம்மிடம்கூட. இட்லிக்கார அம்மாவை மறுநாள் நாலாம் முறையாக அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறோம். அந்த வீட்டில் அவர் மருமகளாக வந்த நாளிலிருந்தே அவரைத் தெரியும் என்று கையெழுத்திட அக்கம்பக்கத்துப் பழைய ஆள் ஒருவர் வேண்டும். அடுத்த சந்தில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர் நீங்கள்தான்.